ஆலும் ஓடும்: நனோத் துணிக்கைகளின் வலுவூட்டல் பற்றிய ஆய்வுமுறை குறித்து ஒரு விமர்சனம்

1

விமர்சனம் என்பது கலை இலக்கியப் படைப்புகளுக்கு மட்டுமே உரியதென்ற எண்ணம் எம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. கவிதையையும் நாவலையும் அவை தோன்றிய சமூகப் பின்னணியில் வைத்து ஆராயும் நாம், விஞ்ஞான ஆய்வுக் கட்டுரையை அவ்வாறு நோக்கத் துணிவதில்லை. அது இயற்கையின் உண்மையை உள்ளவாறே பதிவு செய்வது எனக் கருதி ஒதுங்கிக்கொள்கின்றோம். ஆயின், ஆய்வுக் கட்டுரையும் ஓர் எழுத்து வடிவமே. அதற்கும் மரபுகள் உண்டு. எதனை எழுவாயாக்குவது, எதனைச் சொல்லாது விடுவது என்ற தெரிவுகள் உண்டு. இத்தெரிவுகள் ஆய்வின் முடிவையே பாதிக்கும்போது, அவற்றை விமர்சிப்பது இத்துறை சாராதோருக்கும் உரிய கடமையாகின்றது.

மேற்பரப்புப் பரிகரிப்புற்ற நனோத் துணிக்கைகளைப் பல்பகுதியங்களுட் கலந்து வலுவூட்டும் ஆய்வுத்துறையை இந்நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் முயற்சியாகும். பல்பகுதியங்கள் என்பன நைலோன், எப்பொக்சி, இறப்பர் முதலிய, நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலாய பொருள்கள். நனோத் துணிக்கைகள் என்பன பொதுவாக 100 நனோமீற்றருக்குட்பட்ட பருமனுடையவை; ஒரு நனோமீற்றர் ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். இவ்விரண்டும் இயல்பாக ஒன்றோடொன்று இணங்குவன அல்ல. எனவே துணிக்கையின் மேற்பரப்பில் வேறோர் இரசாயனப் பொருளைப் பிணைத்து இணக்கம் உண்டாக்குவர். இதுவே மேற்பரப்புப் பரிகரிப்பாகும்.

இத்துறைக் கட்டுரைகள் பலவற்றின் முடிவுரை ஏறத்தாழ ஒரே அமைப்பினது: இத்தனை சதவீதம் துணிக்கை சேர்க்கப்பட்டது, இழுவை வலிமை இத்தனை சதவீதம் உயர்ந்தது, எனவே, நனோத் துணிக்கையால் பல்பகுதியம் வலுப்பெற்றது. இவ்விடத்துத் தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு ஒரு வினா எழுதல் இயல்பே. மூன்றாம் வேற்றுமை கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகிய பொருள்களை ஏற்பது. 'துணிக்கையால்' வலுப்பெற்றது என்கையில் துணிக்கை வினைமுதலா, கருவியா? அன்றி, துணிக்கை 'யோடு' வேறு சிலவும் சேர்ந்து நிகழ்ந்த மாற்றமா அது? பரிசோதனையின் பணி 'ஆல்' என்பதனை 'ஓடு' என்பதிலிருந்து பிரித்தறிவதாகும். இத்துறையின் எழுத்துப் பெரும்பாலும் அப்பணியைச் செய்யாமலே 'ஆல்' உருபைக் கையாள்கின்றது என்பதே எமது குற்றச்சாட்டு.

2

முதலில் வரலாற்றை நோக்குவோம். நனோத் துணிக்கைகளால் வலுவூட்டல் புதுமையானதொரு தொழில்நுட்பம் என்ற கூற்று ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளில் அடிக்கடி இடம்பெறுகின்றது. உண்மையில் பெயரே புதியது, பொருள் பழையது. காபன் கறுப்பு எனப்படும் நுண்கரித்தூள் இறப்பரைப் பெரிதும் வலுவூட்டும் என்பது 1904ஆம் ஆண்டளவில் இலண்டன் சில்வர்ரவுனில் இயங்கிய இறப்பர்த் தொழிற்சாலையொன்றில் மோற் என்பவரால் கண்டறியப்பட்டது. பின்னர் அமெரிக்க டயர்த் தொழில் அதனைக் கைக்கொண்டது. அதுவரை வெளிர்நிறமாயிருந்த டயர்கள் கறுப்பானமைக்கு இதுவே காரணம். காபன் கறுப்பின் முதனிலைத் துணிக்கைகள் பெரும்பாலும் 100 நனோமீற்றருக்குட்பட்டவை. ஆகவே, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகின் வீதிகளில் உருண்டுகொண்டிருப்பன நனோக் கூட்டுப்பொருள்களேயாம்.

மேற்பரப்புப் பரிகரிப்பும் அத்தகையதே. 1940களில் கண்ணாடி நார்களைப் பொலியெசுத்தர்ப் பிசினில் பதித்துச் செய்த பொருள்கள் ஈரம் பட்டபோது வலிவிழந்தன. நீர் மூலக்கூறுகள் நாருக்கும் பிசினுக்கும் இடையே நுழைந்து பிணைப்பை அறுத்தமையே அதற்குக் காரணமாயிற்று. இதற்குத் தீர்வாகவே, ஒரு முனையாற் கண்ணாடியையும் மறுமுனையாற் பிசினையும் பற்றும் சிலேன் சேர்வைகள் பயன்பாட்டுக்கு வந்தன. பொருளின் வலிமை அதன் கூறுகளில் மட்டும் இல்லை, கூறுகளுக்கிடையேயான எல்லையிலும் உண்டு என்பதை அன்றைய தொழிலனுபவமே உணர்த்திவிட்டது.

யப்பானின் டொயோட்டா நிறுவனத்தின் மத்திய ஆய்வுகூடத்தினர் 1980களின் நடுப்பகுதியிலிருந்து செய்து 1993இல் விரிவாக வெளியிட்ட ஆய்வு இத்துறைக்குப் புகழ் தேடித்தந்தது. ஒரு நனோமீற்றர் தடிப்புள்ள களித் தகடுகள் நைலோன்-6 இனுள் விரிக்கப்பட்டன. நூற்றுக்கு நான்கு பங்களவான களியைக் கொண்ட அப்பொருளின் இழுவை வலிமை 69 மெகாபஸ்காலிலிருந்து 107 ஆகவும், மட்டு 1.1 கிகாபஸ்காலிலிருந்து 2.1 ஆகவும், சுமையின்கீழ் வெப்பத்தால் உருக்குலையும் வெப்பநிலை 65 பாகையிலிருந்து 145 பாகை சதமளவாகவும் உயர்ந்தன. இவ்வெண்கள் மேற்கோள் காட்டப்பட்ட அளவுக்கு, அவை எவ்வாறு பெறப்பட்டன என்பது கவனிக்கப்படவில்லை. களியின் மேற்பரப்பில் ஓர் அமினோ அமிலம் பிணைக்கப்பட்டு, அதன் மறுமுனையிலிருந்தே நைலோன் சங்கிலி வளர்க்கப்பட்டது. களியும் நைலோனும் தனித்தனியே ஆக்கப்பட்டுப் பின்னர் கலக்கப்பட்டவை அல்ல. அவற்றின் உறவு ஆக்கத்தின்போதே உருவாகியது. அதே களியை முனைவற்ற பொலிபுரொப்பிலீனிற் கலக்க முற்பட்டபோது அது எளிதில் விரியவில்லை. பொலிபுரொப்பிலீனின் ஒரு பகுதியையே மேலீயிக் நீரிலியால் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. களி அதே களிதான், உறவே மாறியது.

3

இனி, மேற்பரப்புக்கு ஏன் இத்துணை முதன்மை என்பதைச் சிறு கணக்கினால் விளக்கலாம். அடர்த்தி 2.2 உடைய சிலிக்காவை 20 நனோமீற்றர் விட்டமுள்ள கோளங்களாகக் கொள்வோமாயின், ஒரு கிராமின் மேற்பரப்பு ஏறத்தாழ 136 சதுரமீற்றர். 20 மைக்கிரோமீற்றர் விட்டமுள்ள கோளங்களாயின் அது 0.136 சதுரமீற்றர் மட்டுமே. 100 கிராம் கூட்டுப்பொருளில் 5 கிராம் நனோச் சிலிக்கா முற்றாகப் பிரிந்து பரவியிருப்பின் அதனுள்ளே 680 சதுரமீற்றர் எல்லை அடங்கியிருக்கும். நான்கு கரப்பந்தாட்டத் திடல்களின் பரப்பு அது. அப்பரப்பு எங்கணும் பல்பகுதியம் துணிக்கையை எவ்வாறு சந்திக்கின்றது என்பதே பொருளின் விதியை நிர்ணயிக்கின்றது.

மற்றொரு கணக்கும் உண்டு. திரவத்தில் மிதக்கும் கோளங்கள் அதன் பாகுநிலையை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு ஐன்ஸ்ரைன் 1906இல் வெளியிட்டு 1911இல் திருத்திய சமன்பாட்டை, 1944இல் சிமோல்வூட் இறப்பரின் மட்டுக்குப் பிரயோகித்தார். கனவளவுப் பின்னத்தின் இரண்டரை மடங்கே மட்டின் உயர்வு என்பது அதன் சாரம். மேற்கூறிய 5 கிராம் சிலிக்கா, அடர்த்தி 1.2 உடைய பிசினில் கனவளவால் நூற்றுக்கு 2.8 பங்கே. எனவே எதிர்பார்க்கத்தக்க உயர்வு நூற்றுக்கு 7 அளவிலாகும். இச்சமன்பாட்டில் துணிக்கையின் பருமன் இடம்பெறவேயில்லை என்பது மனங்கொளத்தக்கது. கோளம் நனோவாயினும் மைக்கிரோவாயினும் விடை ஒன்றே.

ஆகவே, இவ்வளவு சிலிக்காவால் மட்டு நூற்றுக்கு 40 உயர்ந்தது என ஒரு கட்டுரை கூறுமாயின், எஞ்சிய 33 எங்கிருந்து வந்தது என்ற வினா எழவேண்டும். துணிக்கையைச் சூழ்ந்த சங்கிலிகள் அசைவிழந்து அதனுடன் சேர்ந்து தடித்தனவா? துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றி வலைப்பின்னலாயினவா? அன்றி, பிசின் இறுகிய முறையே மாறிவிட்டதா? இவற்றுள் எது என்பதை நிறுவாமல் 'நனோ விளைவு' எனக் கூறுதல் விளக்கமாகாது. அது விளக்கமின்மைக்கு இடப்பட்ட பெயரேயாம்.

4

இவ்வினாவைத் தெளிவாக்கும் நல்ல எடுத்துக்காட்டு சிலிக்கா சேர்ந்த டயர் இறப்பராகும். பிரான்சின் மிஷலின் கம்பனி 1992இல் அறிமுகம் செய்த 'பச்சை டயர்' காபன் கறுப்பின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைக் கொண்டது. நனைந்த வீதியிலான பிடிப்பைக் குறைக்காமல் உருளல் தடையைக் குறைத்து எரிபொருளைச் சேமிக்க அதனால் இயன்றது. நடைமுறையில் வெற்றிபெற்ற, மேற்பரப்புப் பரிகரிப்புற்ற நனோக் கூட்டுப்பொருள்களுள் இதற்கு இணையானவை மிகச் சிலவே.

இங்கு பயன்படும் சிலேன் மூலக்கூற்றின் இரு முனைகளிலும் சிலிக்கன் அணுவொன்றுடன் இணைந்த எதொட்சித் தொகுதிகள் உள்ளன. நடுவே கந்தக அணுக்களின் சிறு சங்கிலி உள்ளது. கலக்கும்போது எதொட்சித் தொகுதிகள் சிலிக்காவின் மேற்பரப்புடன் தாக்கம் புரிந்து எதனோலை வெளிவிடுகின்றன. வல்கனைசுப்படுத்தும்போது கந்தகப் பகுதி உடைந்து இறப்பர்ச் சங்கிலியைப் பற்றுகின்றது. வெப்பநிலை ஏறத்தாழ 140 பாகையை எட்டாவிடின் முதலாவது தாக்கம் போதிய அளவு நிகழாது. 160 பாகையைத் தாண்டின் இரண்டாவது தாக்கம் உரிய காலத்துக்கு முன்னரே தொடங்கிக் கலவை இறுகிப் பழுதாகும். பண்டத்தின் தரம் இக்குறுகிய எல்லையுள் கலவையைப் பேணும் தொழிலாளரின் திறனில் தங்கியுள்ளது.

இப்பொழுது, பரிகரித்த சிலிக்காவையும் பரிகரிக்காத சிலிக்காவையும் ஒப்பிடும் வழக்கமான பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். சிலேனில் உள்ள கந்தகம் சிலிக்காவை இறப்பருடன் இணைப்பதோடு அமையாது, இறப்பர்ச் சங்கிலிகளுக்கிடையே மேலதிக குறுக்குப் பிணைப்புகளையும் ஏற்படுத்த வல்லது. மறுபுறம், பரிகரிக்காத சிலிக்காவின் மேற்பரப்பு வல்கனைசுப்படுத்தலை விரைவுபடுத்தும் சேர்வைகளை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றது. அதனால் அவ்விறப்பர் போதிய அளவு இறுகுவதில்லை. ஆகவே, ஒப்பிடப்படும் இரு மாதிரிகளும் இடைமுகத்தில் மட்டும் வேறுபடுவன அல்ல. குறுக்குப் பிணைப்பின் செறிவிலும் வேறுபடுகின்றன. கந்தகத்தின் அளவை ஈடுசெய்யாமலும், குறுக்குப் பிணைப்பின் செறிவை அளவிடாமலும், வலிமையின் உயர்வு முழுவதையும் மேற்பரப்புப் பரிகரிப்பின் கணக்கில் எழுதுதல், உடனிகழ்ச்சியைக் கருத்தாவாகக் கொள்ளும் பிழையாகும்.

எப்பொக்சியிலும் இவ்வாறே. அமினோத் தொகுதி கொண்ட சிலேன், பிசினை இறுகச் செய்யும் அமீனின் விகிதத்தையே மாற்றக்கூடும். மேற்பரப்பில் பிணைக்கப்படாது எஞ்சிய சிலேன் பிசினை மென்மையாக்கவும் கூடும். துணிக்கையின்றிச் சிலேனை மட்டும் சேர்த்த மாதிரியொன்றை உடன் சோதித்தாலன்றி இவற்றைப் பிரித்தறிய முடியாது. அதற்குச் செலவு மிகக் குறைவு. இருந்தும் எத்தனையோ கட்டுரைகளில் அம்மாதிரி இடம்பெறுவதில்லை.

5

சோதனைகளின் தெரிவும் விமர்சனத்துக்குரியது. 'வலுவூட்டல்' என ஒருமையிற் கூறப்படுவது ஒரு தனி எண்ணன்று. பெய்ன் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் 1960களில் விரிவாக ஆராய்ந்தபடி, நிரப்பி சேர்ந்த இறப்பரை மிகச் சிறிய அளவில் அசைக்கும்போது அது விறைப்பாக இருக்கும். அசைவின் வீச்சு கூடக்கூட விறைப்புப் பெரிதும் வீழும். துணிக்கைகள் தமக்குள் அமைத்த வலைப்பின்னல் உடைவதே இதற்கு முக்கிய காரணமாகக் கொள்ளப்படுகின்றது. சிலேனாற் பரிகரிக்கும்போது துணிக்கைகள் தம்முட் கூடுவது குறையும். எனவே, சிறிய விகாரத்தில் மட்டு வீழ்கின்றது. 300 சதவீத நீட்சியில் தகைப்போ உயர்கின்றது. அதே பரிகரிப்பு ஓர் அளவையின்படி பொருளை மெலிவித்தும் மற்றோர் அளவையின்படி வலுவித்தும் நிற்கின்றது. டயரைப் பொறுத்தவரை அம்மெலிவே பயன். ஒவ்வொரு சுழற்சியிலும் வலைப்பின்னல் உடைந்து மீள்வதால் வெப்பமாக வீணாகும் சக்தியை அது குறைக்கின்றது. எந்தத் தேவைக்கு, எந்த விகாரத்தில் என்று கூறாமல் 'வலுப்பெற்றது' என எழுதுவது பொருளற்றதாகும்.

துணிக்கைகளின் பரவலுக்குச் சான்றாகக் காட்டப்படும் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படத்தையும் இவ்வாறே நோக்கவேண்டும். ஒரு மைக்கிரோமீற்றர் சதுரமும் 70 நனோமீற்றர் தடிப்பும் உள்ள துண்டொன்றையே அப்படம் காட்டுகின்றது எனக் கொள்வோம். இழுத்துச் சோதிக்கும் இறப்பர் மாதிரியின் ஒடுங்கிய பகுதி 25 மில்லிமீற்றர் நீளமும் 4 அகலமும் 2 தடிப்பும் உடையதாயின், படத்திற் காண்பது அதன் கனவளவில் ஏறத்தாழ 2.9 இலட்சங்கோடியில் ஒரு பங்கு. மாதிரியோ அதன் சராசரிப் பகுதியில் முறிவதில்லை. எங்கோ திரண்டு கிடக்கும் மிகப் பெரிய கட்டியில்தான் பெரும்பாலும் முறிகின்றது. அழகிய படத்தைத் தெரிந்து வெளியிடும் வழக்கம், முறிவுக்குக் காரணமான இடத்தைத் திட்டமிடாமலே மறைத்துவிடுகின்றது.

இவ்வையங்கள் துறைக்கு வெளியே நிற்போரால் மட்டும் எழுப்பப்பட்டவை அல்ல. 2007இல் ஷேஃபரும் ஜஸ்ரிசும், நனோக் கூட்டுப்பொருள்கள் உண்மையில் எவ்வளவு தூரம் நனோவாயுள்ளன என்ற வினாவையே தமது கட்டுரைக்குத் தலைப்பாக்கி, பெரிய அளவிலான திரட்சி எங்கும் காணப்படுவதையும் அது வலுவூட்டலை மட்டுப்படுத்துவதையும் எடுத்துக்காட்டினர். 2017இல் சனத் குமாரும் அவர்தம் சகாக்களும் இப்பொருள்கள் நடைமுறைப் பயன்பாட்டுக்கு உகந்தவையா என்ற வினாவை எழுப்பி மீளாய்வு செய்தனர். சுயவிமர்சனம் துறைக்குள்ளேயே உள்ளது. அது அன்றாட ஆய்வு எழுத்தின் வழக்காக மாறவில்லை என்பதுதான் குறை.

6

உறவொன்றின் விளைவைப் பொருளொன்றின் பண்பாகக் காணும் இம்மயக்கம் தற்செயலானதன்று. 1867இல் வெளியான 'மூலதனம்' முதலாம் பாகத்தில் மார்க்ஸ் பண்டத்தைப் பற்றிக் கூறியது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. மனிதரிடையேயான உழைப்புறவு பொருள்களின் இயற்கைப் பண்பு போலத் தோன்றுவதை அவர் விளக்கினார். பொருளியற் கோட்பாட்டை இரசாயனத்துக்கு அவ்வாறே பொருத்துதல் எமது நோக்கமன்று. ஆயினும், பண்பு விற்கத்தக்கது, உறவு விற்கத்தகாதது என்ற உண்மை இங்கும் செயற்படுகின்றது. 'நனோ' எனப் பெயரிட்ட தூளைப் பொதியாக்கி விற்கலாம். குறித்த பல்பகுதியத்தில், குறித்த வெப்பநிலையில், குறித்த கைத்திறனோடு உருவாகும் இடைமுகத்தை அவ்வாறு விற்க முடியாது. நிதி கோரும் விண்ணப்பங்களும் வெளியீட்டு எண்ணிக்கையால் மதிப்பிடப்படும் பதவியுயர்வுகளும் தூளின் புகழையே வேண்டி நிற்கின்றன.

எது சோதிக்கப்படுகின்றது என்பதிலும் சமூகத்தின் கை உண்டு. 2012 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் டயரின் எரிபொருட் சிக்கனம் சுட்டியில் தரப்படுத்திக் காட்டப்பட வேண்டுமெனச் சட்டமாயிற்று. உருளல் தடை அதன் பின்னர் மேலும் கவனமாக அளவிடப்பட்டது. ஆனால் கூட்டுப்பொருள் பற்றிய கட்டுரைகளின் சோதனை, தூள் திண்மமான பின்னரே தொடங்குகின்றது. அதற்குமுன் அத்தூளை நிறுத்து, கொட்டி, கலந்த மனிதரின் சுவாசம் அட்டவணைகளில் இடம்பெறுவதில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் காபன் கறுப்பை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய சாத்தியமுள்ள பொருள்களின் தொகுதியிலே வைத்துள்ளது. இத்தகைய தூளைக் கையாளும் ஆய்வு, அதனைக் கையாண்ட முறையையும் தன் செய்முறைப் பகுதியில் எழுதக் கடமைப்பட்டுள்ளது.

இலங்கையர்க்கு இவ்விடயம் அந்நியமானதன்று. 1876இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பகா ஹெனரத்கொடவில் நடப்பட்டதிலிருந்து தொடங்கும் தோட்ட வரலாறு எம்முடையது. பச்சை டயரின் சிலிக்காத் தொழில்நுட்பமோ செயற்கை இறப்பரை மையமாகக் கொண்டே வளர்ந்தது. இயற்கை இறப்பரில் உள்ள புரதங்கள் சிலிக்காவின் மேற்பரப்புக்காகச் சிலேனுடன் போட்டியிடுகின்றன எனப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, பிறநாட்டில் வேறோர் இறப்பருக்கு நிறுவப்பட்ட உறவை இங்குள்ள இறப்பருக்கு உரியதாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனை இங்கேயே, எமது பாலின் இயல்புக்கேற்ப ஆராய்தல் வேண்டும். 2008இல் இலங்கை நனோத் தொழில்நுட்ப நிறுவகம் தொடங்கப்பட்டமையும், நெடுங்காலமாக அகலவத்தையில் இயங்கிவரும் இறப்பர் ஆராய்ச்சி நிலையமும் இத்தகைய ஆய்வுக்குக் களம் உண்டென்பதைக் காட்டுகின்றன.

விலையுயர்ந்த கருவிகளின்றி இத்துறையில் எதுவும் செய்ய இயலாதென்ற மனச்சோர்வு எமது பல்கலைக்கழகங்களில் நிலவுகின்றது. அது முற்றிலும் சரியன்று. வல்கனைசுப்படுத்தாத கலவையைச் சிறு துண்டுகளாக்கிக் கம்பிவலைக் கூட்டிலிட்டுச் சில நாட்கள் தொலுயீனில் ஊறவைத்தால், கரையாது எஞ்சும் இறப்பர் துணிக்கையைப் பற்றியிருக்கும் இறப்பராகும். அதே சோதனையை அமோனியா ஆவி சூழச் செய்தால், சிலிக்காவின் மேற்பரப்பில் பௌதிக விசைகளால் மட்டும் ஒட்டிய சங்கிலிகள் விடுபடும். இரசாயனப் பிணைப்புற்றவை எஞ்சும். இதற்குத் தேவையானவை ஒரு நல்ல தராசு, கரைப்பான், ஆவியகற்றும் பெட்டி, பொறுமை ஆகியவையே. வல்கனைசுப்படுத்திய மாதிரியின் வீக்கத்தை அளந்து, 1943இல் ஃபுளோரியும் றேனரும் தந்த கோட்பாட்டின் வழியே குறுக்குப் பிணைப்பின் செறிவை மதிப்பிடலாம்; நிரப்பியின் பங்கு அதில் திருத்தப்படல் வேண்டும். இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் காட்டாத உறவை இவ்வெளிய சோதனைகள் நேரடியாக வினவுகின்றன.

எனவே, இத்துறையில் வெளிவரும் கட்டுரைகளிடம் நாம் வேண்டுவது மிகையானதன்று. பரிகரிக்காத துணிக்கையும், துணிக்கையற்ற சிலேனும், இரண்டுமற்ற பல்பகுதியமும் ஒப்பீட்டில் இடம்பெறட்டும். பயன்பட்ட மாதிரிகளின் எண்ணிக்கையும், விலகலும், முறிந்த இடமும் கூறப்படட்டும். வலிமை உயர்ந்தபோது முறிவுக்கு முன்னான நீட்சி என்னாயிற்று என்றும், ஈரத்திலும் வெப்பத்திலும் மாதக்கணக்கில் வைத்தபின் எவ்வளவு எஞ்சிற்று என்றும் எழுதப்படட்டும். உயர்வு காணப்படாத கலவைகளும் அட்டவணையில் இடம்பெறட்டும். அவற்றை மறைத்தால் அதே தோல்வியை மற்றோர் ஆய்வுகூடம் தன் சொற்ப நிதியிலிருந்து மீண்டும் விலைகொடுத்து வாங்கும். இத்தனையும் நிறைவேறிய பின் 'துணிக்கையால்' என எழுதும் உரிமை ஆய்வாளருக்கு உண்டு. அதுவரை 'துணிக்கையோடு' என எழுதுவதே விஞ்ஞானத்துக்கும் தமிழுக்கும் நேர்மையாகும்.